சுவரிலிருந்து இறக்கப்பட்ட சட்டம்

ஒன்ராறியோ மாகாணத்தில் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளைக் கூறும் ஒற்றைத் தாள் ஒன்று உண்டு. மாகாணத் தொழில் அமைச்சு வெளியிடும் அந்த அறிவித்தலில் வேலை நேரம், மேலதிக நேரம், அடிப்படை ஊதியம், விடுமுறை, பொது விடுமுறை நாள், வேலைநீக்க முன்னறிவித்தல், பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பு ஆகியவை சுருக்கமாக எழுதப்பட்டுள்ளன. 2000ஆம் ஆண்டின் வேலைத்தர நியமச் சட்டம் இந்த அறிவித்தலைத் தொழிலாளர் கண்ணிற் படும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்று தொழில் வழங்குநரைக் கட்டாயப்படுத்தியிருந்தது. வேலைத்தலத்தில் பெரும்பான்மையோர் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுபவராயின், அமைச்சு அம்மொழியில் வெளியிட்ட பிரதியையும் அருகில் ஒட்ட வேண்டியிருந்தது.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. மாகாணத்தின் போட்டித்திறனை மீட்டெடுப்பது என்ற பெயரில் கொண்டுவரப்பட்ட 66ஆம் இலக்கச் சட்டமூலம், தொழில் வழங்குநரின் நிர்வாகச் சுமையைக் குறைப்பதாகக் கூறி, ஒட்டும் கடமையை ஒழித்தது. சுவரில் ஒரு தாளை ஒட்டுவது எத்தனை பெரிய சுமை? நான்கு ஊசிகளும் ஐந்து நிமிடங்களும் தேவைப்படும் ஒரு வேலையா மாகாணத்தின் பொருளாதாரத்தை முடக்கி வைத்திருந்தது?

இது சிறிய விடயம் என்று தமிழர் சமூகத்தில் எவரும் பேசவில்லை. பேசாமல் விட்டதன் விலையைக் கொடுப்பவர்கள் களஞ்சியங்களிலும், உணவகச் சமையலறைகளிலும், துப்புரவுப் பணிகளிலும், வெதுப்பகங்களிலும் நின்று உழைக்கும் தமிழர்களே.

கையில் கொடுத்தால் போதுமா?

சட்டம் முற்றாகக் கைவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒருவர் வேலையில் சேர்ந்த 30 நாட்களுக்குள் அந்த அறிவித்தலின் அண்மைய பிரதியைத் தொழில் வழங்குநர் அவருக்குக் கையளிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்த விதி இன்றும் உள்ளது. தொழிலாளர் தமது மொழியில் கேட்டால், அமைச்சு அம்மொழியில் வெளியிட்டிருக்கும் பட்சத்தில், அந்தப் பிரதியையும் கொடுத்தாக வேண்டும். "கையிலேயே கொடுத்த பின்னர் சுவரில் எதற்கு?" என்று 66ஆம் இலக்கச் சட்டமூலத்தை ஆதரித்தோர் கேட்டனர்.

இக்கேள்விக்கு விடை, வேலைத்தலம் எப்படி இயங்குகிறது என்பதை அறிந்த எவருக்கும் தெரியும். முதல் நாளன்று ஒரு தொழிலாளரிடம் பத்துப் பன்னிரண்டு தாள்கள் நீட்டப்படுகின்றன. வங்கிக் கணக்கு விபரம், வரிப் படிவம், சீருடைக்கான கையொப்பம், பாதுகாப்புப் பயிற்சிக்கான கையொப்பம். அவற்றுக்கு நடுவே இந்தத் தாளும் ஒன்று. மின்னஞ்சலில் ஓர் இணைப்பாக அனுப்பினாலும் கடமை முடிந்துவிடும். அன்று அவருக்கு அது தேவைப்படாது. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இருப்பவர் வேலைநீக்க விதியைப் படிப்பதில்லை. எட்டு மாதம் கழித்து, மேலதிக நேர ஊதியம் வராத ஒரு வெள்ளிக்கிழமையில்தான் அது தேவைப்படும். அன்று அந்தத் தாள் எங்கே இருக்கும்?

சுவரில் இருக்கும் அறிவித்தல் அந்த வெள்ளிக்கிழமையிலும் இருக்கும். இன்னொன்றும் உண்டு. கையிற் கொடுக்கப்பட்ட தாளை ஒருவர் தனியாக வாசிக்கிறார். சுவரில் உள்ளதை எல்லோரும் ஒன்றாக வாசிக்கின்றனர். தேநீர் இடைவேளையில் ஒருவர் சுட்டிக்காட்ட, மற்றவர் விளக்கம் கேட்க, மூன்றாமவர் "எனக்கும் தரவில்லை" என்பார். முதலாளியும் மேற்பார்வையாளரும் அதே தாளை நாள்தோறும் கடந்து செல்வர். தான் மீறும் விதி தன் தலைக்கு மேலே ஒட்டப்பட்டிருப்பதை அவர்களும் அறிவர். தனித்தனியாகக் கையளிக்கப்படும் தாளுக்கு இந்த வலிமை கிடையாது.

பயனற்ற தாளை எதிர்த்து நீதிமன்றம் போவார்களா?

"அந்தத் தாளை யார் படிக்கிறார்கள்?" என்பது அடிக்கடி கேட்கும் ஏளனம். இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு தெளிவான பதிலைத் தருகிறது.

2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அந்நாட்டின் தேசியத் தொழில் உறவுகள் சபை ஒரு விதியைக் கொண்டுவந்தது. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை தொழிலாளருக்கு உண்டு என்பதைக் கூறும், 11 அங்குல அகலமும் 17 அங்குல நீளமும் கொண்ட ஓர் அறிவித்தலைத் தனியார் நிறுவனங்கள் ஒட்ட வேண்டும் என்பதே அவ்விதி. அதில் புதிய உரிமை எதுவும் இல்லை. 1935ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தில் உள்ளதைத்தான் அது சொன்னது. ஆயினும் உற்பத்தியாளர் தேசியச் சங்கமும் வர்த்தக சபையும் நீதிமன்றத்துக்குச் சென்றன. 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் வாஷிங்டன் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றமும் அடுத்த மாதத்தில் நான்காம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவ்விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தன. அந்த அறிவித்தல் இன்று விரும்பினால் ஒட்டலாம் என்ற நிலையில் கிடக்கிறது.

எவரும் படிக்காத தாளாயின், அதைத் தடுப்பதற்குப் பெருஞ்செலவில் சட்டத்தரணிகளை அமர்த்தி இரண்டு நீதிமன்றங்களில் வாதாடியது ஏன்? தொழிலாளர் படிப்பார்கள் என்பதை முதலாளிகளின் சங்கங்கள் நன்கு அறிந்திருந்தன. அறியாதவர்கள் தொழிலாளரின் பக்கத்தில் இருப்பவர்கள் மட்டுமே!

இந்த அறிவித்தல் அண்மைக் காலத்தில் தோன்றிய நிர்வாகச் சடங்கும் அன்று. 1844ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டமே சட்டத்தின் சுருக்கத்தைத் தொழிற்சாலையில் தொங்கவிடுமாறு கோரியது. 1948ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, சட்டச் சுருக்கம் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் பிரதான வாயிலருகே காட்சிக்கு வைக்கப்பட வேண்டும் என்றது. கோயம்புத்தூரின் பஞ்சாலையில் நின்ற தொழிலாளிக்குத் தம் மொழியில் சுவரில் வாசிக்கச் சட்டம் வழிசெய்திருந்தது. ஸ்காபரோவில் நிற்கும் தொழிலாளிக்கு அது தேவையில்லை என்று 2019இல் ஒன்ராறியோ முடிவு செய்தது.

ஒரு தாளுக்குப் பின்னால் நான்கு உயிர்கள்

சுவரில் இன்றும் கட்டாயமாக இருக்க வேண்டிய அறிவித்தல்கள் உண்டு. தொழிற் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின் பிரதியும், தொழிலாளரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் விளக்கும் அமைச்சின் அறிவித்தலும் வேலைத்தலத்தில் வைக்கப்பட வேண்டும். அறிவித்தல் ஆங்கிலத்திலும் அவ்வேலைத்தலத்தின் பெரும்பான்மை மொழியிலும் இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதைக் கூறும் வேலையிடப் பாதுகாப்புக் காப்புறுதிச் சபையின் அறிவித்தலும் அவ்வாறே.

இவற்றுள் சுகாதாரப் பாதுகாப்பு அறிவித்தல் எப்படிப் பிறந்தது என்பதைப் புலம்பெயர்ந்தோர் மறக்கலாகாது. 2009ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் நாள், ரொறன்ரோவின் கிப்ளிங் வீதியில் உள்ள அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் 13ஆம் மாடி உயரத்தில் தொங்குமேடை உடைந்து விழுந்தது. மேடையில் அறுவர் நின்றனர். உயிர்காப்புக் கயிறுகள் இரண்டே இருந்தன. நான்கு தொழிலாளர் உயிரிழந்தனர். இறந்தவர்கள் வேறு நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை அன்றும் சட்டத்தில் இருந்தது.

அதன் பின்னர் மாகாண அரசு ஒரு நிபுணர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. 2010ஆம் ஆண்டின் இறுதியில் அக்குழு அளித்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, தொழிலாளரின் உரிமைகளை விளக்கும் கட்டாய அறிவித்தல். 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் நாளிலிருந்து அது சுவர்களில் ஏறியது. நான்கு மனிதர் விழுந்த பின்னரே அரசு ஒரு தாளின் பெறுமதியை உணர்ந்தது. ஏழே ஆண்டுகளில் இன்னொரு தாளைச் சுமை என்று இறக்கியது.

இப்போது இந்தப் பாதுகாப்பு அறிவித்தலும் சுவரை விட்டுத் திரைக்குள் போகலாம். தொழிலாளர் எளிதில் அணுகக்கூடிய மின்னணு வடிவில் வைத்தாலும் போதும் என்று 2024ஆம் ஆண்டில் சட்டம் தளர்த்தப்பட்டது. அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்திருப்பவருக்கு அது பொருந்தலாம். கைப்பேசியைப் பூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டுக் களஞ்சியத்துக்குள் நுழைபவருக்கு, நிறுவனத்தின் கடவுச்சொல்லே வழங்கப்படாத முகவர் நிலையத் தொழிலாளிக்கு, "எளிதில் அணுகக்கூடியது" என்ற சொல்லின் பொருள் என்ன?

நம்மவர் என்ற திரை

அரசை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு ஒதுங்குவது நேர்மையாகாது. தமிழர் நடத்தும் கடைகளிலும் உணவகங்களிலும் நிறுவனங்களிலும் இந்த விதிகள் எப்படி நடத்தப்படுகின்றன என்ற கேள்வியைச் சமூகம் தன்னிடமே கேட்க வேண்டும். சட்டப்படி நடக்கும் தமிழ் முதலாளிகள் பலர் உள்ளனர். அவர்கள் பெருமைக்குரியவர்கள். ஆயின், "தம்பி, முதல் இரண்டு கிழமை பழகிப் பாரும், சம்பளத்தைப் பிறகு பார்ப்பம்" என்ற பேச்சைக் கேட்காத தமிழ் மாணவர் அரிது. சோதனை வேலைக்கும் பயிற்சி நேரத்துக்கும் ஊதியம் கொடுக்கப்பட வேண்டும் என்பதை 2024ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்படுத்தியது. வாடிக்கையாளர் பணம் கொடுக்காமல் ஓடிப்போனால் அதைப் பரிமாறியவரின் சம்பளத்தில் வெட்டுவதும் சட்டவிரோதம். இவற்றை அறிந்த பிள்ளையிடம் அந்தப் பேச்சு எடுபடாது. அறியாத பிள்ளையிடம் எடுபடும்.

கணக்கைப் பார்ப்பது நல்லது. 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் நாளிலிருந்து ஒன்ராறியோவின் பொது அடிப்படை ஊதியம் மணிக்கு 17.60 டொலர். வாரத்துக்கு 44 மணிக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு, அதாவது 26.40 டொலர், கொடுக்க வேண்டும். ஒருவர் வாரத்துக்கு 54 மணி நேரம் உழைத்து, எல்லா மணிக்கும் 17.60 டொலரே பெறுகிறார் என்று கொள்ளலாம். பத்து மணிக்கு மணிக்கு 8.80 டொலர் வீதம் வாரத்துக்கு 88 டொலரை இழக்கிறார். ஐம்பது வாரங்களில் அது 4,400 டொலர். அவருக்குரிய ஊதியம் அந்த ஐம்பது வாரங்களுக்கு 51,920 டொலர்; அதில் 4 வீத விடுமுறைக் கொடுப்பனவு 2,076 டொலர் 80 சதம். அதுவும் கொடுக்கப்படாவிடில் ஓராண்டு இழப்பு 6,476 டொலர் 80 சதம். ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பங்கு, ஒரு தாள் கண்ணிற் படாததால் இன்னொருவரின் பையில் தங்கிவிடுகிறது.

இந்தப் பணத்தைக் கேட்பதற்கும் காலம் உண்டு. ஊதியம் கொடுக்கப்பட வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அமைச்சிடம் முறைப்பாடு செய்ய வேண்டும். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. மூன்றாம் ஆண்டில் விழித்தெழுபவருக்கு முதலாம் ஆண்டின் பணத்தை அமைச்சு மீட்டுத் தராது. உரிமையைக் கேட்டதற்காக வேலையிலிருந்து நீக்குவதும், நேரத்தைக் குறைப்பதும், அச்சுறுத்துவதும் குற்றம். அப்படிப் பழிவாங்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையும் சட்டம் தொழில் வழங்குநரின் தலையிலேயே வைத்துள்ளது. சர்வதேச மாணவரும் தற்காலிக அனுமதியில் பணிபுரிவோரும் இப்பாதுகாப்புக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர்.

"நம்மவர் மீது முறைப்பாடு செய்வதா?" என்று பெற்றோர் தயங்குகின்றனர். ஊரில் தெரிந்த குடும்பம், கோயிலில் காணும் முகம், வந்த புதிதில் வேலை தந்த கை. நன்றி மறவாமை தமிழரின் பண்பு, அதில் ஐயமில்லை. ஆயின் நன்றிக்கடன் மணிக்கணக்கில் வாரந்தோறும் கழிக்கப்பட வேண்டிய ஒன்றா? வேலை தந்தவர் உழைப்பைப் பெற்றுக்கொண்டார். கணக்கு அங்கேயே சமப்பட்டுவிட்டது. சட்டப்படியான ஊதியத்தைக் கேட்பது துரோகம் அன்று, கொடுக்காதிருப்பதே துரோகம்.

தாள் சென்றடையாத இடங்கள்

இன்னும் ஒரு கூட்டத்தாருக்கு அந்தத் தாள் கையிலும் கிடைப்பதில்லை. பொதி விநியோகம், துப்புரவு, கட்டட வேலை போன்றவற்றில் தொழிலாளரைச் "சுயதொழில் ஒப்பந்தக்காரர்" என்று பெயர் சூட்டி வேலைக்கு அமர்த்தும் வழக்கம் பரவியுள்ளது. தொழிலாளர் அல்லர் என்று எழுதிக்கொண்டால் மேலதிக நேரமும் இல்லை, விடுமுறைக் கொடுப்பனவும் இல்லை, அறிவித்தலும் இல்லை. உண்மையில் தொழிலாளராக உள்ள ஒருவரை இவ்வாறு நடத்துவது 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் எந்தப் பெயர் எழுதப்பட்டிருந்தாலும், வேலை எப்படி நடக்கிறது என்பதையே சட்டம் பார்க்கிறது. நேரத்தையும் முறையையும் கருவியையும் யார் தீர்மானிக்கிறார் என்பதே கேள்வி.

தற்காலிக வேலை முகவர் நிலையங்களும் தம் மூலம் அனுப்பப்படும் தொழிலாளருக்கு அவர்தம் உரிமை பற்றிய தகவல் தாளைக் கொடுக்க வேண்டும். தொழிலாளரின் மொழி வேறாயின், அம்மொழியில் அத்தாள் உள்ளதா என்று விசாரித்துக் கொடுக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதல் இந்நிலையங்களுக்கு உரிமமும் கட்டாயம். அதிகாலையில் வண்டிகளில் ஏற்றிச் செல்லப்படும் எத்தனை தமிழ்த் தாய்மார் இத்தாளைக் கண்டிருக்கின்றனர்?

படித்த இளையோரும் விலக்கல்லர். தகவல் தொழில்நுட்ப வல்லுநருக்கு ஒன்ராறியோவில் மேலதிக நேர ஊதிய விதியும் வேலை நேர வரம்பும் பொருந்துவதில்லை. இரவு பகலாகக் கணினி முன் இருந்துவிட்டு, "எனக்கும் சட்டம் உண்டு" என்று பின்னர் தேடுபவர், தம்மை அச்சட்டம் முன்னரே விலக்கி வைத்திருப்பதைக் காண்பார். வங்கி, விமானச் சேவை, மாகாண எல்லை கடக்கும் சரக்கு வண்டி ஆகியவற்றில் பணிபுரிவோரை மத்திய அரசின் கனடா தொழிற் கோவையே ஆள்கிறது. எந்தச் சட்டம் தம்மை ஆள்கிறது என்று தெரியாதவர் எந்தச் சட்டத்தாலும் காக்கப்படார்.

செய்ய வேண்டியது

முதலாவது கோரிக்கை அரசிடம். 2019இல் நீக்கப்பட்ட ஒட்டும் கடமை மீண்டும் சட்டமாக வேண்டும். மின்னணு வடிவம் கூடுதலாக இருக்கட்டும். சுவருக்கு மாற்றாக இருக்கக் கூடாது. தேர்தற் காலத்தில் தமிழர் விழாக்களில் பொன்னாடை ஏற்கும் வேட்பாளர்களிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும். மாலையோடு ஒரு கோரிக்கைத் தாளையும் கொடுப்பதில் தவறில்லை.

இரண்டாவது கோரிக்கை தமிழ் வணிகர்களிடம். ஒட்டத் தேவையில்லை என்றுதான் சட்டம் சொல்கிறது. ஒட்டக் கூடாது என்று சொல்லவில்லை. பொங்கல் வாழ்த்தும் நாட்காட்டியும் தொங்கும் சுவரில் இந்தத் தாளுக்கும் இடம் உண்டு. அதை ஒட்டும் கடைக்காரர் தமக்கு மறைக்க ஒன்றுமில்லை என்று ஊருக்கு அறிவிக்கிறார். அத்தகைய கடைகளைச் சமூகம் தேடிச் சென்று ஆதரிக்க வேண்டும்.

மூன்றாவது கோரிக்கை தமிழ்ப் பாடசாலைகள், கோயில்கள், தேவாலயங்கள், ஊர்ச் சங்கங்கள், மூத்தோர் மன்றங்கள் ஆகியவற்றிடம். முதலாளியின் சுவரில் இல்லாத அறிவித்தல் சமூகத்தின் சுவரில் இருக்கட்டும். 14, 15 வயதில் பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பிலேயே அதை வாசித்துக் காட்டலாம். உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் கற்ற பிள்ளை, தன் தாயின் சம்பளச் சீட்டை அவளுக்குப் புரியும் மொழியில் வாசித்துச் சொல்வதைவிடத் தமிழுக்கு வேறென்ன பயன் வேண்டும்?

நான்காவது கோரிக்கை இளையோரிடம். இந்த வாரமே தந்தையிடமும் தாயிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: வேலையில் சேர்ந்தபோது உரிமை அறிவித்தல் தரப்பட்டதா? வாரத்துக்கு 44 மணிக்கு மேல் உழைத்தால் என்ன கிடைக்கிறது? விடைகளையும், உழைத்த நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம் ஆகியவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். முறைப்பாடு ஒருநாள் தேவைப்பட்டால் அந்தக் கொப்பியே முதற் சான்று.

புலம்பெயர்ந்து வந்த முதல் தலைமுறை, சத்தமின்றி உழைத்து இந்த நாட்டில் வேரூன்றியது. அந்த அமைதியை மதிக்கலாம். அதைப் பரம்பரைச் சொத்தாக அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கத் தேவையில்லை. சட்டம் வாயடைத்துச் சுவரிலிருந்து இறங்கிவிட்டது. அதை உரக்க வாசிக்கும் பொறுப்பு இனி அதை வாசிக்கத் தெரிந்தவர்களுடையது.